நூபுர கங்கைத் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து வீட்டில் குடிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு அழகர்கோவில் போகிறீர்கள். மலைமேல் இராக்காயி அம்மன் கோயிலில் விழும் நூபுர கங்கைத் தண்ணீரை இரண்டு பெரிய கேன்களில் பிடித்து வந்து, ஒரு வாரம் வைத்துக் குடிக்க வேண்டும் என்பது உங்கள் மாமனாரின் ஆசை. அது மூலிகைத் தண்ணீர், காய்ச்சினால் சத்து போய்விடும், வடிகட்டுவதே தப்பு என்கிறார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. ‘இயற்கை ஊற்றுத்தானே, பயப்பட என்ன இருக்கிறது?’ என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: பெரியவர் மனமும் நோகாமல், குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் வராமல் இந்தக் காரியத்தை எப்படி முடிப்பது? அதற்கு வழி இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நிலத்தடி நீரைச் சோதிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. தென் மாவட்டங்களின் கிணறு, ஆழ்துளைக் கிணறு, மலைச்சுனை என்று வந்த குப்பிகளில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மருத்துவன் அல்லேன், மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது அந்த எல்லையை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடலாம்: தண்ணீரைத் தாராளமாக எடுத்து வாருங்கள், காய்ச்சிக் குடியுங்கள். அங்கேயே ஒரு கை தீர்த்தமாகப் பருகுவது திடமான பெரியவர்களின் விருப்பம். குழந்தைக்கும் மாமியாருக்கும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். தலையில் தெளித்தால் போதும்.

இடம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மதுரையிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோவில். அடிவாரத்தில் கள்ளழகர், மலைப்பாதையில் சில கிலோமீட்டர் ஏறினால் பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே இராக்காயி அம்மன் காவலில் நூபுர கங்கை. சிலம்பாறு என்பதும் இதுதான். உலகளக்கத் தூக்கிய திருவடியைப் பிரமன் கழுவியபோது காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்கிறது தலபுராணம். அழகருக்குத் திருமஞ்சனம் இந்த நீரில்தான். வேறு நீரில் ஆட்டினால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் அவரே மலையேறி வந்து இங்கே தைலக்காப்பு முடித்து நீராடிப் போகிறார். இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் கைகூப்பி வாங்கும் நீரைப் பற்றி ஒரு வேதியியல்காரன் அலட்சியமாகப் பேசிவிட முடியாது, பேசவும் கூடாது. ஆனால் பெருமாளுக்கு ஆகும் நீர் எது என்பதை ஆகமம் சொல்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் குடலுக்கு ஆகும் நீர் எது என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் வீட்டுச் சண்டை தொடங்குகிறது.

முதலில் ஊற்று என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்து மலைகள் கடும்பாறை. அந்தப் பாறையின் உடம்புக்குள் நீர் தங்க இடம் கிடையாது. மேலே உதிர்ந்து கிடக்கும் மண்ணிலும் சிதைந்த பாறையிலும் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள வெடிப்புகளுக்குள் புகுந்து, நகர்ந்து, மலைச்சரிவு அந்த வெடிப்பை எங்கே வெட்டுகிறதோ அங்கே வெளியே வருகிறது. மொட்டைமாடியில் ஒரு மூலையில் இறங்கும் மழைநீர், கீழே கூடத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு மூலையில் கசிகிறதல்லவா, அதே கதைதான். ஊற்றுக்கண்ணில் நீங்கள் பார்ப்பது முடிவை மட்டும். நீர் எங்கே இறங்கியது, வழியில் எதைத் தொட்டு வந்தது என்பதெல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் எந்த ஊற்றுக்குப் போனாலும், தண்ணீரைக் குனிந்து பார்ப்பதற்கு முன் நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும் என்பேன். மேலே அடர்ந்த காடு, ஆள் நடமாட்டம் இல்லை என்றால் நல்ல அறிகுறி. மேலே குடியிருப்பு, கழிவறைக் குழி, மாட்டுக்கொட்டில், உரம் போடும் தோட்டம் என்று ஏதாவது இருந்தால், கீழே விழும் நீர் கண்ணாடி போல இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

‘பாறை வடிகட்டிவிடும்’ என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஆற்று மணல் போன்ற மெல்லிய துகள் வழியே நீர் மெல்ல ஊறி வந்தால் கிருமிகள் பெருமளவு வடிகட்டப்படும், நாள்பட இறந்தும் போகும். வெடிப்பு வழியே ஓடி வரும் நீருக்கு அந்தச் சலுகை கிடையாது. விரல் நுழையும் அளவு வெடிப்பு என்றால் அது வடிகட்டி அல்ல, குழாய். ஆகவே கடும்பாறை மலையின் ஊற்றுகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சிலவற்றில் நீர் மாதக்கணக்கில் உள்ளே தங்கி வரும். சிலவற்றில் நேற்றுப் பெய்த மழை இன்று வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. அங்கே நிரந்தரமாகக் கடை வைத்திருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பெருமழை பெய்தால் எத்தனை நேரத்தில் நீர்வரத்து கூடுகிறது? அப்போது தண்ணீர் கலங்குகிறதா, சிவக்கிறதா? சித்திரை, வைகாசி வெயிலில் எவ்வளவு குறைகிறது? மழைக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே பெருகிக் கலங்கினால், மேற்பரப்பில் ஓடிய நீர் அப்படியே உள்ளே வருகிறது என்று பொருள். காட்டு விலங்குகளின் சாணமும் குரங்கு எச்சமும் அதோடு சேர்த்திதான். மழையைச் சட்டை செய்யாமல் ஆண்டு முழுவதும் ஒரே சீராக, ஒரே குளிர்ச்சியோடு வந்தால் ஆழத்திலிருந்து வருகிறது என்று ஓரளவு நம்பலாம். மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். அந்த மாதங்களில் போகிறவர்கள் முதல் பெருமழை கழிந்து நீர் தெளியும்வரை கேன் பிடிக்காமல் இருப்பது நல்லது. வறண்ட காலத்தில் மலையில் சேர்ந்ததையெல்லாம் அந்த முதல் மழைதான் கழுவிக்கொண்டு வரும்.

இப்போது ஊற்றுக்கண்ணிலிருந்து உங்கள் கேன் வரைக்கும் உள்ள தூரம். என் அனுபவத்தில் பாதிக் கேடு இங்கேதான் நடக்கிறது. மலைக்கோயில் தீர்த்தங்களில் மக்கள் தண்ணீர் பிடிப்பதைச் சற்று நேரம் ஓரமாக நின்று பார்த்தால் புரியும். ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே இன்னொருவர் குடத்தைத் தொட்டிக்குள் முக்குகிறார். குடத்தின் அடிப்பாகம் சற்று முன்புதான் பஸ் நிலையத்தின் ஈரத்தரையில் இருந்தது. கேனின் மூடியைக் கழற்றிக் குரங்குக்குப் பயந்து இடுப்பில் செருகிக்கொள்கிறார் ஒருவர். நிறைந்த பிறகு வாயைத் தோள் துண்டால் துடைத்து, அதே மூடியைத் திருகுகிறார். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் பாறை மாதக்கணக்கில் செய்த வேலையை அந்தத் துண்டு ஒரு நொடியில் கெடுத்துவிடுகிறது. பிறகு வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டால் பழி ஊற்றின் மேல்.

ஆகவே கேனை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரைத் தாங்கும் பாத்திரமானால் கொதிநீரால் அலசி, மூடியோடு ஒரு சுத்தமான பையில் கட்டிக் கொண்டுபோங்கள். எண்ணெய் வந்த டின், பினாயில் வந்த கேன், பெயிண்ட் வாளி எதுவும் ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் விடாது. எவர்சில்வர் தூக்கு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அங்கே போனதும் முதலில் கை கழுவுங்கள், சோப்பை ஊற்றுப் பக்கம் கொண்டுபோகாமல். தொட்டியில் முக்காதீர்கள், விழும் நீரைப் பிடியுங்கள். விழும் வாயைக் கையோ கேனோ தொடக்கூடாது. இரண்டு முறை கொஞ்சம் பிடித்துக் குலுக்கிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். மூடியை இன்னொருவர் கையில், உட்பக்கம் கீழே பார்க்கும்படி வைத்திருக்கச் சொல்லுங்கள். வண்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள்; வெளிச்சம் பட்டால் நாலைந்து நாளில் உள்சுவரில் பச்சையாகப் பாசி பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் அதற்குள் டம்ளரை விடாதீர்கள். சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள்.

‘ஆனால் எவ்வளவு தித்திப்பாக இருக்கிறது தெரியுமா’ என்பார் மாமனார். அவர் சொல்வது பொய்யல்ல, அதற்குக் காரணமும் இருக்கிறது. மலை ஊற்று நீர் பாறையோடு அதிக காலம் உறவாடாமல் வருவதால் அதில் கரைந்த உப்பு பெரும்பாலும் குறைவு. நீங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரைக் குடித்துப் பழகியவர்கள் என்றால், உப்பு குறைந்த எந்த நீரும் நாக்குக்குத் தித்திக்கும். அதே காரணத்தால்தான் அந்த நீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது. ஆனால் சுவை சொல்வது உப்பைப் பற்றி மட்டும்தான், கிருமியைப் பற்றி அது வாயே திறக்காது. 1854இல் லண்டனின் பிராட் ஸ்ட்ரீட் பம்பிலிருந்து காலரா பரவியதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டுபிடித்த கதையில் ஒரு மூதாட்டி வருகிறார். அந்தத் தெருவிலிருந்து ஹாம்ப்ஸ்டெட் என்ற தொலைவான பகுதிக்குக் குடிபோன பிறகும், பம்புத் தண்ணீரின் சுவையை விட மனமில்லாமல் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். காலராவில் இறந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்த நோய் இல்லாததே ஸ்னோவுக்கு வலுவான சான்றாகியது. தெளிவும் குளிர்ச்சியும் சுவையும் இருக்கும் நீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா இருக்கலாம். கலங்கலாக, துருவாடை வீசும் நீரில் ஒரு கிருமியும் இல்லாமல் இருக்கலாம். கண்ணும் நாக்கும் இந்த வழக்கில் சாட்சிகளே அல்ல.

இரும்பு, தாமிரம் கலந்த நீர் என்பது நூபுர கங்கையைப் பற்றி அடிக்கடி சொல்லப்படுவது. இரும்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் நீரை எடுத்து, கொய்யா இலை இரண்டைக் கசக்கிப் போடுங்கள். இலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீர் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறும். வெள்ளைப் பாத்திரத்தில் இரவு முழுதும் வைத்தால் அடியில் செம்பழுப்பாகப் படிவதும் இரும்பின் அடையாளமே. நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இரும்பை ஏற்கிறது. அதற்குமேல் போனால் வாடையும் கறையும் வரும். ஆனால் இந்த இரும்பால் இரத்தசோகை தீரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கைப்பிடிக் கீரையில் கிடைத்துவிடும்.

மூலிகை விஷயத்தில் என் மனம் இரண்டு பக்கமும் போகும். சோலைமலை என்னும் இந்த அழகர் மலைக் காட்டில் மருந்துச் செடிகள் இருப்பது உண்மை. வேர்களைத் தழுவி நீர் வருவதும் உண்மை. அதனால் நீரே மருந்தாகிவிடுகிறது என்பதுதான் தாவல். மருந்து என்றால் என்ன பொருள், லிட்டருக்கு எவ்வளவு, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். செடியிலிருந்து கரையும் பொருள்களில் பெரும்பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்றுவிடுகின்றன. இந்த விவாதம் நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் இதே மலையின் மூன்று பொய்கைகளைச் சொல்கிறான்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. ஒன்றில் மூழ்கினால் ஐந்திரம் என்ற பழைய இலக்கண நூலின் அறிவு, இன்னொன்றில் பழம்பிறப்பின் ஞானம், மூன்றாவதில் நினைத்தது கைகூடும். கேட்டுக்கொண்டிருந்த சமணத் துறவி கவுந்தியடிகள் அவை எங்களுக்கு வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி மறுத்துவிட்டுத் தன் வழியில் நடக்கிறார். நம்புகிறவரும் மறுக்கிறவரும் ஒரே பாதையில் சேர்ந்து பேசிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் முடியும். மாமனார் அதை மூலிகைத் தண்ணீர் என்று சொல்லட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி.

காய்ச்சினால் சத்து போய்விடுமா? நீரில் கரைந்த உப்புகள் கொதிக்கும்போது ஆவியாகிப் பறப்பதில்லை. கடினத்தன்மையில் ஒரு பகுதி, அதாவது சுண்ணாம்புச் சத்து, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். இரும்பு இருந்தால் அதுவும் கொஞ்சம் படியும். மற்றபடி போவது கரைந்திருந்த காற்று. அதனால்தான் காய்ச்சிய நீர் சப்பென்று இருக்கிறது. ஆறிய பிறகு இரண்டு செம்புகளுக்கிடையே உயரத் தூக்கி நான்கைந்து முறை ஆற்றினால் காற்றும் திரும்பும், சுவையும் திரும்பும். கொதிக்க வைப்பது எவ்வளவு நேரம் என்பதிலும் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு. பத்து நிமிடம் வேண்டியதில்லை. பெரிய குமிழிகளாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். பாக்டீரியா, வைரஸ், அமீபா முட்டை எல்லாம் செத்துவிடும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலான ஊர் என்றால் மூன்று நிமிடம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆற விடுங்கள். கழுவாத குடத்துக்கு மாற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

காய்ச்சாமல் வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வடிகட்டும் வழக்கத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம். வங்கதேசக் கிராமங்களில் செய்து பார்த்து 2003இல் வெளியான ஆய்வில், இப்படி வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களில் ஒட்டிக்கொண்டு வருவதால் துணி அவற்றைப் பிடித்துவிடுகிறது. ஆனால் தனியாக மிதக்கும் பாக்டீரியாவும் வைரஸும் துணியில் நிற்காது. செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குப் பாக்டீரியாக்கள் இல்லாமல் போனதை 2012இல் வெளியான நம் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அது ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கலந்து செய்த சோதனை. வீட்டுச் செப்புக் குடத்தின் உட்புறம் களிம்பேறியிருக்கலாம், நீரில் வைரஸோ அமீபா முட்டையோ இருக்கலாம். குழந்தைக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்கமாட்டேன். நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்துவதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். குளோரின் மாத்திரை பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு மசியாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் ஊற்று நீரை ஊற்றுவது மட்டும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஏற்கெனவே உப்பு குறைந்த நீரிலிருந்து இருக்கும் கொஞ்சத்தையும் உருவிவிட்டு, ஒரு பங்கைச் சாக்கடையில் விடுவதற்காகவா அத்தனை தூரம் மலையேறிச் சுமந்து வந்தீர்கள்?

மாமியாரைப் பற்றி. சிறுநீரகக் கோளாறு என்பதில் பல வகை. கல் என்றால் மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார். சிறுநீரகம் செயலிழந்து வருகிறது என்றால் ஒரு நாளைக்கு இத்தனை மில்லி லிட்டர்தான் என்று கட்டுப்படுத்தியிருப்பார். இரண்டாவது வகையானால், எந்த நீர் என்பதைவிட எவ்வளவு நீர் என்பது முக்கியம். தீர்த்தமாயிற்றே என்று கணக்குக்கு வெளியே குடித்துவிடக் கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்த நிலையில், டயாலிசிஸில், அல்லது மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்தில் இருப்பவர்களுக்குக் காய்ச்சாத ஊற்று நீர் ஒரு வாய்கூட வேண்டாம். இதை அவருடைய மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கும் அதே விதி. பச்சை நீரைக் குடித்து வயிறு போனால், உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். வாய் வறண்டு, சிறுநீர் குறைந்து, சோர்ந்து விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ ஆஸ்பத்திரி. ஒட்டுண்ணிகளில் சில, குடித்த ஒரு வாரத்துக்குப் பிறகுகூட வேலையைக் காட்டும். ‘போய் வந்து பத்து நாளாகிவிட்டதே’ என்று ஊற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது’ என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் எழுதியிருக்கிறார். சோதனை நல்லதுதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். உப்பு, கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்குச் சாதாரண சுத்தமான பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய குப்பியில்தான் எடுக்க வேண்டும்; ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய வரி ஈ.கோலி: 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மேலே எங்கோ கழிவோ உரமோ கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். ஃபுளோரைடுக்கும் அதே கதை. காட்டுக்குள் பிறக்கும் ஊற்றுகளில் இவை இரண்டும் அரிது. சமவெளிக் கிணறுகளில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும். இரசாயன அளவுகள் மாதக்கணக்கில் பெரிதாக மாறா. ஒரு முறை பார்த்தால் ஓரளவு நம்பலாம். கிருமி அப்படியல்ல. மாசியில் எடுத்த குப்பி சுத்தமாக இருந்தது என்பதற்காக, ஆடி அமாவாசைக் கூட்டத்திலோ கார்த்திகை மழையிலோ அதே ஊற்று சுத்தமாக இருக்கும் என்று எந்த ஆய்வகமும் கையெழுத்துப் போடாது. இணையத்தில் யாரோ பகிர்ந்த பழைய அறிக்கையைக் காட்டி ‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்றால், எந்த மாதத்தில், தொட்டியிலா விழும் வாயிலா எடுத்தது என்று கேளுங்கள். என்னாலும் இங்கே உட்கார்ந்தபடி, நீங்கள் போகும் நாளில் அந்த நீர் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் காய்ச்சச் சொல்கிறேன்.

போகிற விவரத்தில் இரண்டொன்று. அமாவாசை, அதிலும் ஆடி அமாவாசை, கேன் பிடிக்கும் நாள் அல்ல. அன்று நீராட வருகிறவர்களின் நாள். சாதாரண வேலைநாளில் காலையிலேயே போனால் நிதானமாகப் பிடிக்கலாம். குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பையும் வாழைப்பழமும் ஒன்றாகத் தொங்கினால் இரண்டும் போய்விடும். ஒரே ஆள் வரிசையாக எட்டுக் கேன் வைத்து நிரப்பும் பழக்கம் எல்லா ஊற்றிலும் இருக்கிறது. கோடையில் வரத்து மெலிந்திருக்கும்போது அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தாகத்தோடு ஏறி வந்தவர் கை நீட்டினால் கேனை நகர்த்திவிட்டு அவருக்கு வழி விடுங்கள். உங்கள் வீட்டுக்கு இருபது லிட்டர் போதும். அதற்குமேல் எடுத்தால் தேங்கித்தான் கிடக்கும்.

பெரியவர் மனம் நோகாத வழி என்று சொன்னேன். ஒரு சின்னச் செம்புச் சொம்பில் காய்ச்சாத நீரைத் தனியாகப் பிடித்து மூடி வைத்துப் பூஜை அறையில் வையுங்கள். அது தீர்த்தம், தெளிக்க, அபிஷேகம் செய்ய, விரும்பினால் மாமனார் ஓர் உத்தரணி பருக. அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். கேனில் உள்ளது குடிநீர். அது நேராக அடுப்புக்குப் போகட்டும். காய்ச்சியது ஒரு நாளுக்குள் தீரும் அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள். கேனில் மீதமுள்ளது நிழலில் மூடியிருந்தால் ஒரு வாரம் தாங்கும். வழவழப்போ வாடையோ தெரிந்தால் யோசிக்காமல் துளசி மாடத்தில் ஊற்றிவிட்டு, கேனைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள்.